கல்லைச் சுற்றிய தூள்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உங்கள் மாமாவும் சுகம். மாமாவுக்கு இருமல். ஆனால் இருமல் இருப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். உங்கள் உடம்பும் மைனாவின் உடம்பும் எப்படி இருக்கிறது என்று இந்த முறையாவது இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். போன கடிதத்தில் "இருவரும் நலம்" என்று முடித்துவிட்டீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிகூட அதைவிட அதிகம் பேசும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு மரகதம் வந்திருக்கிறது. கட்டைவிரல் நக அகலம், நல்ல பச்சை. கொண்டுவந்த நகைக்கடைக்காரர் அது கடலுக்கு அப்பால் உள்ள பேர்போன பழைய சுரங்கத்துக் கல் என்று அடித்துச் சொல்கிறார். நாங்களும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கோ அது உங்கள் மலைக் கல்லாக இருக்குமோ என்று சந்தேகம். வெறும் சந்தேகம்தான். லேசரால் கல்லின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி போட்டு, எழுந்த ஆவியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்த்தேன். லித்தியம், சீசியம், இரும்பு மூன்றும் இரண்டு ஊருக்கும் பொதுவான அளவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

நீங்கள் வேலை பார்க்கிற மேல் சுரங்கத்திலிருந்து எங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க இருப்பவை நான்கே கல். நான்கு கல்லை வைத்துக்கொண்டு ஒரு மலைக்காகச் சாட்சி சொல்ல முடியாது. இன்னும் ஒரு பன்னிரண்டு வேண்டும். நீங்களே பாறையிலிருந்து உடைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். சுரங்க வாசலில் விற்கிறவன் எந்த மலைக் கல்லையும் எந்த மலையின் பெயரிலும் விற்பான்.

மைனா என் போனை எடுப்பதில்லை. எடுத்தால் நான் கேட்டுவிடுவேன் என்று பயம். அதனால்தான் கல் பெட்டியில் கடிதத்தைப் போட்டுப் பிழைப்பை ஓட்டுகிறேன். மாடி வீட்டம்மா வாரம் தவறாமல் அவளை விசாரிக்கிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்து மழுப்புகிறேன்.

வேறு ஏதாவது விசேஷம் உண்டா?

அன்புடன்,
அத்தை


ஜனவரி 30

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு, நீங்கள் திட்டுவீர்கள் என்பதால் விளக்குகிறேன். எனக்கு உதடு வெடித்திருக்கிறது. மைனாவுக்கு அதுவும் இல்லை. காலையில் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தகரக் கொட்டகையில் பாடம் நடத்துகிறாள். குரல் என் சுரங்கம் வரை கேட்கிறது. மாமாவை இருமலுக்கு ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். முதலில் ஐந்து வரும். ஒவ்வொன்றையும் என் சுத்தியலால் உடைத்தேன். கூடவே ஒட்டியிருந்த பாறைத் துண்டையும் வைத்திருக்கிறேன்.

அத்தை, மைனா போனை எடுக்காதது பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது, முயற்சி செய்கிறேன். அவள் உண்டாகியிருந்த இரண்டு முறையும் மூன்றாம் மாதத்துக்குள் உறவில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதே வரிசையில் எல்லோரும் துக்கம் கேட்டார்கள். நடந்ததை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து பதில் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்கிறாள். ஒருமுறை மட்டும் சொன்னாள்: "அம்மா லேப்ல மூணு தடவ அளக்காம வாயத் தொறக்க மாட்டாங்க. வீட்டுல மட்டும் ஒரு தடவகூட அளக்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த முறை என்று ஒன்று வந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் அப்போதே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், கடைவீதி எல்லாம் கீழ்ப் பள்ளத்தாக்கில், எங்கள் நிறுவனத்தின் கீழ்ச் சுரங்கம் இருக்கிற பக்கம். ஜீப்பில் ஐந்து மணி நேரம், இடுப்பு கழன்றுவிடும். இப்போதைக்கு எங்களுக்கு மேலேதான் பிடித்திருக்கிறது. இறங்குகிற உத்தேசம் இல்லை.

ஆகவே விசேஷம் ஒன்றும் இல்லை.

பணிவுடன்,
உங்கள் மருமகன்


பிப்ரவரி 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் சுகம். மாமா மருத்துவரிடம் போனார். மருத்துவர் முன்னால் ஒரு தடவைகூட இருமாமல் சாதித்துவிட்டு வந்தார். உங்கள் உதட்டுக்கு வெண்ணெய் தடவுங்கள்.

ஐந்து கல்லும் வந்தன. நீங்கள் வழக்கம்போல் சுரங்கக் கழிவுத் தூளைக் கொட்டி இறுக்கி அடைத்திருந்ததால் ஒன்றுகூட உரசவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் என் மேஜை, என் மூக்குக் கண்ணாடி, என் தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் கறுப்புக் காக்காப்பொன் செதில் மினுங்குகிறது. மேல் சுரங்கக் கல்லில் சீசியம் அடக்கமாக இருக்கிறது. உங்களைப் போலவே அதிகம் பேசாத கல். அந்தப் பெரிய மரகதமும் இந்தக் கூட்டத்தில் சேரும் போலிருக்கிறது. ஆனால் இன்னும் ஏழு வராமல் வாய் திறக்க மாட்டேன். நகைக்கடைக்காரர் தினமும் கூப்பிடுகிறார். "இன்னும் தெரியல" என்று சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அலுத்துவிட்டது.

மைனா சொன்னதை எழுதியிருந்தீர்கள். படித்தவுடன் ரசித்துச் சிரித்தேன். பிறகு இரண்டு நாள் சிரிப்பு வரவில்லை. சந்தோஷம் வந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது மாப்பிள்ளை? கல்லைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சம்பளம் தருகிறார்கள். பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு யார் என்ன தருவார்கள்? சரி, விடுங்கள். அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். கத்திப் பாடம் நடத்தினால் தொண்டை போகும்.

வேறு ஏதாவது விசேஷம் உண்டா?

அன்புடன்,
அத்தை


மார்ச் 20

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உதடு சரியாகிவிட்டது. மாமா நலமா?

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். மீதி ஏழு கல்லையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் மேல் சுரங்கத்தில் பிப்ரவரி மாதம் நானே உடைத்தவை. இடம், ஆழம் எல்லாம் சீட்டில் இருக்கிறது.

இங்கே மேலே இன்னும் குளிர் விடவில்லை.

விசேஷம் ஒன்றும் இல்லை அத்தை.

பணிவுடன்,
உங்கள் மருமகன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். மாமாவும் சுகம். இருமல் தானாகவே போய்விட்டது, தான் முதலிலேயே சொன்னதாகப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வேடிக்கை நடந்தது, கேளுங்கள். நீங்கள் அனுப்பிய ஏழு கல்லில் இரண்டு என்னைத் தூக்கிவாரிப் போட்டன. அடக்கமாக இருக்க வேண்டிய சீசியம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை வாசலில் விற்கிறவனிடம் வாங்கிவிட்டாரோ என்று அரை நிமிடம் நினைத்தேன். அந்த அரை நிமிடத்துக்கு மன்னித்துவிடுங்கள். பிறகு திரையை நிதானமாகப் பார்த்தால், லேசர் தொட்டவுடன் உச்சிக்குப் போன அளவு, குழி ஆழமாக ஆக இறங்கிக்கொண்டே வந்தது. கல்லுக்குள் இருப்பதானால் இறங்காது. மேலே கீறலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கழுவித் துடைத்து மறுபடியும் அளந்தேன். சாதுவான மேல் சுரங்கக் கல். ஏழும் அப்படியே.

சாதாரணமாக வேறு யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கல்லைக் குழப்பியது எது என்று பார்க்காமல் தூக்கம் வராது. பெட்டியில் நீங்கள் அடைத்திருந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து வில்லையாக அழுத்தி அளந்தேன். பிப்ரவரிப் பெட்டியின் தூளையும் அளந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் கீழ்ச் சுரங்கத்திலிருந்து ஒரு பெட்டி வந்ததல்லவா, அந்தத் தூளும் ஒரு டப்பாவில் கிடந்தது. நான் எதையும் குப்பையில் போடுவதில்லை என்று மாமா திட்டுவார், அவரிடம்கூட இதைச் சொல்லிக்காட்ட முடியாமல் போய்விட்டது. மூன்று தூளையும் மூன்று மூன்று தடவை அளந்தேன். இந்தப் பெட்டித் தூள் பிப்ரவரித் தூளோடு சேரவில்லை, கீழ்ச் சுரங்கத் தூளோடு அச்சாகப் பொருந்தியது.

கல் மேலே உடைத்தது. பெட்டி அடைத்தது கீழே.

மேலே குளிர் என்று எழுதியிருந்தீர்கள். மேலே குளிராகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது என் மேஜையோடு இருக்கட்டும். இதைப் பற்றி எங்கள் இயக்குநரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. இனிமேல் தூளில் அடைக்காதீர்கள். கருவி குழம்புகிறது, நானும் குழம்புகிறேன். திருப்பி அனுப்பும் இந்தப் பெட்டிக்குள் ஆறு பழைய பருத்திப் புடவை வைத்திருக்கிறேன். பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை. கல்லைச் சுற்றி அனுப்ப வசதியாக இருக்கும்.

மைனாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 25

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இருவரும் நலம். மாமாவின் இருமல் போனதில் மகிழ்ச்சி.

உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். தூளைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். நாங்கள் மார்ச் முதல் வாரம் கீழே இறங்கிவிட்டோம். எழுத மறந்துவிட்டேன். காரணம் கூரை. மேலே எங்கள் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலில் சமையலறையில் மட்டும் ஒழுகியது. பிறகு கூடத்திலும் ஒழுகியது. தகரத்தில் ஆணி அடித்த இடமெல்லாம் துருப்பிடித்துவிட்டதாக மேஸ்திரி சொன்னார். தார் பூசிப் பார்த்தோம். தார் நிற்கவில்லை. பிறகு தகரத்தையே மாற்ற வேண்டும் என்றார். அந்த அளவில் தகரம் கிடைப்பதில்லை. எனவே இறங்கும்படி ஆயிற்று. கூரைதான் காரணம். இதை மைனா சொல்லி எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன்.

நான் வாரத்தில் நான்கு நாள் மேலே போய்த் தங்கி வருகிறேன். மைனா கீழே இருக்கிறாள். இங்கே பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதால் ஓய்வாக இருக்கிறாள்.

புடவைகள் வந்தன. மிக்க நன்றி.

பணிவுடன்,
உங்கள் மருமகன்


மே 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் செய்கிறது, ஆனால் நடக்கிறேன்.

கூரை ஒழுகினால் இறங்கத்தான் வேண்டும். வேறு என்ன செய்ய முடியும்? ஒரு கூரையைப் பற்றி இவ்வளவு விவரமாக யாரும் எனக்கு எழுதியதில்லை. கூரை சரியாக எத்தனை மாதம் ஆகும் என்று நான் கேட்கப் போவதில்லை. கூரை வேலையை அவசரப்படுத்தக் கூடாது. நிதானமாக நடக்கட்டும்.

கீழ் வீடு தரைத்தளமா, மாடியா? நீங்கள் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டியிருக்குமே என்பதற்காகக் கேட்கிறேன். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா? நல்ல காற்று உண்டா? கல் வேலைக்குக் காற்று முக்கியம்.

மாடி வீட்டம்மா நேற்று வழிமறித்துக்கொண்டாள். மகளிடமிருந்து என்ன சேதி என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, அங்க கூர ஒழுகுதாம்" என்றேன். ஏமாந்து போய்விட்டாள். நான் சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருப்பதைப் பார்த்து மாமா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் மோர் குடித்தேன்.

பெரிய மரகதத்தை நுண்ணோக்கியில் வைத்திருக்கிறேன். உள்ளே காக்காப்பொன் செதில்கள் உங்கள் மலையின் வழக்கப்படி படிந்திருக்கின்றன. நிறமாலையும் பார்க்க வேண்டும். நகைக்கடைக்காரருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம் வந்திருக்கிறது.

மைனா ஓய்வாக இருப்பது நல்லது. ஓய்வாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 18

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இருவரும் நலம். இந்த முறை நிஜமாகவே நலம், அதனால்தான் விளக்கவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

வீடு தரைத்தளம். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது. வாசலில் ஒரு பெரிய மரம், அதனால் காற்றுக்குக் குறையில்லை. கல் வேலைக்கு மிகவும் வசதி.

மூன்று கல் அனுப்பியிருக்கிறேன். செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். புடவைகளை இன்னும் பயன்படுத்தவில்லை. கல்லுக்கு அவை கொஞ்சம் அதிகமாகவே மெத்தென்று இருப்பதாக மைனா சொல்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் உங்கள் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். இப்போது அவளே பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, அம்மா எழுத மறந்துட்டாங்களான்னு பாக்குறேன்" என்கிறாள். எதை என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கூரை வேலை நன்றாக நடக்கிறது.

பணிவுடன்,
உங்கள் மருமகன்


ஜூலை 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் ஒத்தடம் பலித்தது.

கூரை வேலை நன்றாக நடக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேஸ்திரிகளுக்கு என் வணக்கம்.

பெரிய மரகதத்துக்கு முடிவு எழுதிவிட்டேன். தனிமங்களின் அளவு, உள்ளே படிந்த செதில், நிறமாலை மூன்றும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டன. உங்கள் மேல் சுரங்கம்தான். நகைக்கடைக்காரரை உட்காரவைத்துச் சொன்னேன். முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த ஊரா இருந்தா என்னம்மா, பச்ச என்னமோ அதே பச்சதான்" என்றார். நல்ல மனுஷர். பிறகு, இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். மனசுக்குள் ஏப்ரலிலேயே தெரியும் என்றேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் போதும், உங்களிடம் சொன்னால் நீங்கள் அதை நம்பி ஊரெல்லாம் சொல்வீர்கள், நாளைக்கு வேறு மாதிரி ஆனால் வாங்கிய வாழ்த்தையெல்லாம் யார் திருப்பிக் கொடுப்பது என்றேன். சொல்லி முடித்த பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை துடைத்தேன். அவர் கல்லுக்காக என்று நினைத்திருப்பார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்களுக்கு இன்னும் கல் வேண்டும். அவசரமில்லை. அனுப்பும்போது இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தை


ஆகஸ்ட் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். அங்கே?

ஜூலையில் வர வேண்டிய பெட்டி வரவில்லை. நிறுவனத்து வண்டி இரண்டு முறை வந்துவிட்டுப் போனது. வண்டி ஓட்டியிடம் கேட்டேன், நீங்கள் கொஞ்ச நாளாகச் சுரங்கத்துக்கு வரவில்லை என்றான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன் பக்கத்தில் இரண்டு தடவை போய் உட்கார்ந்தேன். நீங்கள் எடுத்துவிட்டால் கேட்டுவிடுவேன். கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லக் கூடாது என்று உங்களுக்கு ஏதாவது கட்டளை இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். அதனால் எழுந்து வந்துவிட்டேன். மாமாவுக்கு நான் ஏன் சாப்பிடவில்லை என்று புரியவில்லை. புளித்த ஏப்பம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கல் வேண்டாம். கடிதமும் வேண்டாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயிருந்து ஒரு சிட்டிகைத் தூள் ஒரு உறையில் போட்டு அனுப்புங்கள், போதும். அதை வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 20

அம்மாவுக்கு,

மைனா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி. அப்பாவுக்கு உடம்பு எப்படி? உன் முழங்கால்? புளித்த ஏப்பம்?

நீ கேட்ட தூள் இந்த உறைக்குள் மடித்த தாளில் இருக்கிறது. அதைக் கருவியில் போட்டு அளக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி அறை ஜன்னல் விளிம்பில் இன்று காலை விரலால் வழித்தது. எத்தனை துடைத்தாலும் மதியத்துக்குள் இந்த ஊர்க் காக்காப்பொன் வந்து மினுங்கும்.

எட்டாவது மாதம், அம்மா.

ஜூலை இரண்டாவது வாரம் கொஞ்சம் பயம் காட்டியது. உடனே சேர்த்துவிட்டார்கள். காலை உயர்த்தி வைத்துக்கொண்டு நான்கு வாரம் படுத்தே கிடந்தேன். உன் மாப்பிள்ளை சுரங்கத்துக்குப் போகாமல் இந்த நாற்காலியிலேயே தூங்கினார். உனக்கு எழுதக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். இவர் கையெழுத்து நடுங்கினால் நீ அதையும் அளந்துவிடுவாய். இப்போது இரண்டு பேரும் பலமாக இருக்கிறோம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை, இங்கேயே இருந்தால் போதும் என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார்.

நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று எனக்கு மே மாதமே தெரியும். தூள் கதையால் இல்லை. அதைப் படித்துவிட்டு இவர்தான் வேர்த்துப்போய் கூரை, தகரம், தார் என்று எழுத உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இங்கே மேஸ்திரியே கிடையாது அம்மா. மேல் வீட்டுக் கூரை கல்லு மாதிரி இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு கேள்வி இருக்கும். அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நல்ல நாளிலும் கேட்பாய், அந்த இரண்டு முறைக்குப் பிறகும் நீ கேட்காமல் விட்டதில்லை. ஏப்ரல் கடிதத்தில் அது இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். மே மாதமும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜூலையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன் என்று நகைக்கடைக்காரர் கதை எழுதுகிறாய், அப்போதும் கேட்கவில்லை. இந்த மாதம் பயத்தில் தூளைக் கேட்டாயே தவிர அதைக் கேட்கவில்லை.

என் அம்மா ஐந்து மாதம் ஒரு விஷயத்தை மாடி வீட்டம்மாவிடம் சொல்லாமல் இருந்தாள் என்றால் இந்தப் பிள்ளை நிச்சயம் பிறந்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. சிரிக்காதே. படுத்துக் கிடந்த நான்கு வாரமும் உன் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கேட்காமல் இருந்த இடமெல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. உன்னை நான் கோபித்துக்கொண்டதாக நினைத்திருப்பாய். கோபம் இல்லை அம்மா. பயம்தான்.

நீ கல் சுற்ற அனுப்பிய ஆறு புடவையையும் துவைத்து, சின்னச் சின்னதாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். ஒரு கல்லும் அதில் சுற்றப்படவில்லை.

எனக்கு நீ வேண்டும். இப்போது கேள், பதில் சொல்கிறேன்.

மைனா


ஆகஸ்ட் 27

என் மைனாவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சொன்னபடி முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு இன்னும் சில தடவை.

தூளை அளக்கவில்லை. உன் வார்த்தை போதும். மடித்த தாளோடு என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் விடுப்புச் சொல்லிவிட்டேன். இயக்குநர் காரணம் கேட்டார். கூரை வேலை என்றேன். தலையாட்டினார். உன் அப்பாவிடம் இரண்டு டிக்கெட் எடுத்து வரச் சொன்னேன். எங்கே என்றார், உங்கள் மகளிடம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மீதியை நீயே உன் வாயால் சொல். அவர் உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். தூசியில் இருமல் திரும்ப வந்துவிட்டது. இல்லை என்கிறார்.

சாவியைக் கொடுக்க மாடி வீட்டம்மாவிடம் போனேன். எங்கே பயணம், மகளுக்கு ஏதாவது உண்டா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "கூர இன்னும் ஒழுகுதாம், போய்ப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். பிள்ளை பிறக்கும் அன்று அவளுக்குத்தான் முதல் போன், அதற்கு மட்டும் நீ குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் ரயில் அங்கே வந்து சேரும். மாப்பிள்ளை ரயிலடிக்கு வர வேண்டாம், உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக்கொண்டு நாங்களே வந்துவிடுவோம்.

வேறு ஏதாவது விசேஷம் உண்டா?

அம்மா